பாதாளத்தில் ஒரு தாய்

காலுக்குக் கீழே என்ன இருக்கின்றது என்று கண்டறிய இயலாத மனிதன், அங்கே அரக்கரைக் குடியேற்றி வைத்தான். நம் முன்னோர் பூமிக்குக் கீழே ஏழு உலகங்களைக் கற்பித்து, அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், இரசாதலம், பாதாளம் என்று அவற்றுக்குப் பெயரும் இட்டனர். நாகரும் அசுரரும் அவற்றில் உறைவதாகப் புராணங்கள் பேசும். இருள் எங்கே உண்டோ அங்கே அச்சமும், அச்சம் எங்கே உண்டோ அங்கே கதையும் பிறப்பது உலக இயல்பு போலும்.

இவ்வியல்பு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மொங்கோலியாவின் கோபிப் பாலைநிலத்து மக்கள், தலையும் காலும் இல்லாது மணலுக்குள் வாழும் ஒரு கொடிய புழுவைப் பற்றிப் பேசி வந்தனர். அதனைத் தொட்டவர் அக்கணமே மாள்வர் என்பது அவர்களது நம்பிக்கை. அங்கே தொல்லுயிர் எச்சங்களைத் தேடிச் சென்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரோய் சாப்மன் ஆன்ட்ரூஸ் 1926ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனைக் குறித்துள்ளார். ஆனால் புழுவை அவர் கண்டாரில்லை. தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டிலோ, மின்யொக்காவோ என்னும் இராட்சதப் புழு மண்ணுக்கடியில் ஊர்ந்து பெரும் பள்ளங்களைத் தோண்டுவதாகவும், நீரோடைகளின் போக்கையே மாற்றிவிடுவதாகவும் மக்கள் கூறினர். அந்நாட்டிற் குடியேறி வாழ்ந்த ஜெர்மானிய இயற்கை விஞ்ஞானி பிரிட்ஸ் முல்லர் திரட்டிய இச்செய்தி, 1878ஆம் ஆண்டு இலண்டன் நகரத்து 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழிலும் இடம்பெற்றது. நிலத்தடியில் புதியதோர் அரக்கன் என்னும் பொருள்படவே அக்குறிப்புக்குத் தலைப்பும் இட்டனர்.

விஞ்ஞானம் வளர்ந்த பின்னர் இவ்வரக்கர் ஒழிந்தனர் என்று எண்ணவேண்டா. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை அச்சிட்டு வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்த நண்பர்களுள் ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடம் பூண்டு, தாயக்கட்டை போன்ற பகடைகளை உருட்டி நிலவறைகளுக்குள் புகுந்து பூதங்களோடு பொருதும் கற்பனை விளையாட்டு அது. இன்று உலகெங்கும் இளைஞர் அதனை ஆடுகின்றனர். அவ்விளையாட்டின் பூதங்களுள் ஒன்று ஊதாப் புழு. நாற்பது ஐம்பது அடி நீளம்; பாறையையும் துளைக்கும் வன்மை; ஆளை அப்படியே விழுங்கும் வாய்; வாலின் நுனியில் நஞ்சுக் கொடுக்கு. நிலத்தின் அதிர்வை உணர்ந்து, மேலே நடப்பவனைத் திடீரெனக் கீழிருந்து பற்றுமாம்.

இத்தகைய பிராணிக்கு மெய்யுலகில் உறவு கூறத்தக்கது ஏதேனும் உண்டா? ஊதா நிறமும், மண்ணைத் துளைக்கும் வன்மையும், கால் இல்லாத உடலும், பார்வை மங்கிய கண்ணும் ஒருங்கே உடைய உயிர் ஒன்று உண்டு. அதனைத் தேடிக் கடல் கடக்கவேண்டுவதில்லை. கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியிலே கலகெதர வரை சென்றாற் போதும்.

பாறைவீட்டு மண்

கல என்பது சிங்களத்திற் பாறை. கெதர என்பது வீடு. கண்டி மலைநாடு குருநாகல் சமநிலத்தை நோக்கி இறங்கும் சரிவில் அமைந்த இவ்வூர், கண்டி அரசர் காலத்தில் தலைநகரின் காவல்வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. 1803ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து கண்டியின்மேற் படையெடுத்துச் சென்ற பிரித்தானியர், கலகெதரையிலும் கிரிஹாகமையிலும் இருந்த காவலரண்களைக் கைப்பற்றிய பின்னரே மேலே ஏறினர். இன்று அச்சரிவுகளில் அரண் இல்லை. தென்னையும், பலாவும், கித்துளும், கமுகும் உயர்ந்து நிற்க, அவற்றின் மீது மிளகுக்கொடி படர, அடியில் கோப்பியும் வாழையும் செழிக்கும் தோட்டங்களே உள்ளன. பள்ளங்களில் படிப்படியாக வயல்கள், வயலோரத்தில் சிற்றோடைகள். ஆண்டில் இரு பருவத்தும் மழை பெறும் இம்மண் எளிதில் ஈரம் வற்றாது. உதிர்ந்த இலை மட்கி, மண் கருத்து, மண்புழு மலிந்து கிடக்கும்.

இத்தகைய மண்ணிலே வாழைக்கன்று நடக் குழி தோண்டுபவரும், சாணக்குவியலைக் கிளறுபவரும், தேயிலை மலையிற் கான் வெட்டும் தொழிலாளரும் சிற்சில வேளைகளில் திடுக்கிட்டு நிற்பர். மண்ணோடு மண்ணாக ஏதோ நெளியும். கரிய ஊதா நிறம். ஈரம் பட்டதுபோன்ற பளபளப்பு. இரு பக்கங்களிலும் தலை தொடங்கி வால் வரை ஓடும் மஞ்சள் நிறக் கோடு. தலை எது, வால் எது என்று எளிதில் அறிய இயலாத உருவம். பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது பழமொழி அன்றோ? ஆராய்வதற்கு அங்கே யாருக்குப் பொழுது உண்டு? மண்வெட்டி மேலெழும், மறுகணம் அப்பிராணி இரண்டு துண்டாகிக் கிடக்கும்.

வெட்டுண்டது பாம்பன்று. புழுவுமன்று. அது தவளையின் உறவு.

மீனும் பாம்பும் ஆகாத மீன்பாம்பு

உயிரியல் பயிலும் மாணவர் இதன் பெயரைப் பாடநூலிற் கண்டிருப்பர். இக்தியோபிஸ் என்பது அப்பெயர். இக்தியோபிஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மீன்பாம்பு என்று பொருள். கண்டிப் பகுதியிற் காணப்படும் இனத்தின் முழுப்பெயர் இக்தியோபிஸ் குளுட்டினோசஸ். பின்னைய சொல் பசைத்தன்மை உடையது என்று பொருள்படும். தோலிற் சுரக்கும் வழவழப்பான நீர் காரணமாக வந்த பெயர் அது. மீன்பாம்பு என்று நாமும் இக்கட்டுரையில் வசதி கருதி இதனை வழங்குவோம்.

இப்பெயர் நிலைபெற்ற வரலாறே சுவையானது. உயிர்களுக்கெல்லாம் இருசொற் பெயரிட்டு வகுத்த சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ், 1758ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் இதனைப் பாம்புகளோடு சேர்த்தார். குருட்டுத்தன்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து சீசிலியா என்னும் பெயரையும் வழங்கினார். கால் இல்லை, உடல் நீண்டது, ஆகவே பாம்பு என்பதே அக்காலத்து முடிவு. மண்வெட்டி ஏந்திய உழவர் கொள்ளும் எண்ணத்துக்கும் அம்முடிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

1831ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் யொகான்னஸ் முல்லர், ஒல்லாந்து தேசத்து லெய்டன் நூதனசாலையிற் பேணப்பட்டிருந்த இவ்வினத்து இளம்பிராணி ஒன்றை உற்றுநோக்கினார். அதன் கழுத்தின் இரு புறத்தும் செவுள் துளைகள் இருக்கக் கண்டார். பாம்புக்கு எப்பருவத்திலும் செவுள் இல்லை. இளமையிற் செவுளும், முதுமையில் நுரையீரலும் கொண்டு வாழ்வன தவளை, தேரை முதலிய ஈரூடகவாழிகளே. ஆகவே பாம்பின் வரிசையிலிருந்து இது தவளையின் வரிசைக்கு வந்து சேர்ந்தது.

கூர்ந்து பார்ப்போர்க்கு வேறுபாடுகள் தாமே புலப்படும். முழு வளர்ச்சி பெற்ற மீன்பாம்பு 15 அங்குலம் அளவே நீளும். பருமன் ஒரு விரலளவு. பாம்பின் மேனியிற் செதில்கள் வெளியே அடுக்கப்பட்டிருக்கும்; இதன் மேனியிலோ மண்புழுவிற்போல் வளையங்கள் நெருங்கியிருக்கும். செதில்கள் இல்லாமலில்லை; மிக நுண்ணியனவாய் அவ்வளையங்களின் மடிப்புக்குள்ளே மறைந்து கிடக்கின்றன. கண்கள் தோலின் அடியில் இரு சிறு புள்ளிகளாகத் தோன்றும். ஒளியையும் இருளையும் பிரித்தறிய அவை உதவுமேயன்றி உருவங்களைக் காண உதவா. அக்குறையை நிறைவு செய்ய, கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே உதட்டோரத்தில் ஒரு சிறு பரிசக்கொம்பு உண்டு. அதனை வெளியே நீட்டியும் உள்ளே இழுத்தும், தொட்டும் மணமறிந்தும், இப்பிராணி இருளில் வழியையும் இரையையும் தேடிக்கொள்ளும். முதுகெலும்புடைய விலங்குகளுள் இத்தகைய உறுப்பு இக்கூட்டத்தாருக்கே உரியது.

தலையோடு எலும்புகள் நெருங்கிப் பிணைந்து வலியது. அதுவே அதன் கடப்பாரை. இதன் உறவினமாகிய ஒரு மத்திய அமெரிக்கப் பிராணியை ஆராய்ந்தோர், உடலின் உட்பகுதி முழுவதையும் நீர் நிறைந்த குழாய்போல் அழுத்தி, அவ்வழுத்தத்தால் தலையை முன்னே செலுத்தும் திறன் அதற்கு இருப்பதை 1997ஆம் ஆண்டு விளக்கினர். விளையாட்டின் ஊதாப் புழு பாறையைத் துளைப்பதாகக் கூறுவது கற்பனை. விரல் பருமனுள்ள உயிரொன்று கையும் காலும் இன்றி ஈரமண்ணைத் துளைத்துச் செல்வது உண்மை. இரண்டனுள் எது வியத்தற்குரியது என்பதை வாசகரே தீர்மானிப்பாராக.

பேராதனையில் இரு இளைஞர்

இவ்வுயிரின் வாழ்க்கையை உலகுக்கு முதன்முதல் முழுமையாக எடுத்துரைத்த பெருமை கண்டி மண்ணுக்கே உரியது. சுவிற்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் உறவுமுறைச் சகோதரர் இருவர் 1883ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். இருவரும் அப்பொழுது முப்பது வயது நிரம்பாதவர். மலைநாட்டில் அது ஒரு துன்பக் காலம். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயாற் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. காடாயிருந்த குன்றுகள் ஒரு பயிருக்காக வெட்டப்பட்டு, அப்பயிரும் மடிந்து, மறு பயிருக்காகக் கிளறப்பட்ட அந்நாளில், இவ்விருவரும் பேராதனையில் தங்கி ஈரமண்ணுக்குள் மீன்பாம்பைத் தேடினர்.

1886ஆம் ஆண்டு வரை நீடித்த அப்பயணத்தின் பயனாக, இலங்கையில் தாம் செய்த இயற்கை ஆராய்ச்சிகளைப் பெருநூல் வரிசையாக அவர்கள் ஜெர்மன் மொழியில் வெளியிட்டனர். 1887ஆம் ஆண்டு முதல் 1890ஆம் ஆண்டு வரை பகுதி பகுதியாக வெளிவந்த அதன் இரண்டாம் தொகுதி, முழுமையும் இந்த ஒரே பிராணியின் வளர்ச்சியையும் உடலமைப்பையும் பற்றியதாகும். மண்வெட்டியின் ஒரு வீச்சில் நாம் முடித்துவிடும் உயிருக்காக, இரண்டு அறிஞர் தம் இளமையின் பல ஆண்டுகளைச் செலவிட்டனர்.

அவர்கள் கண்டது யாது?

தாயின் காவல்

முட்டையிடும் பருவத்தில் தாய், ஓடும் நீருக்கு அருகே உள்ள ஈரமண்ணில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு வளையைத் தோண்டுகின்றாள். அதற்குள்ளே ஏறத்தாழ இரண்டு டசின் முட்டைகளை இடுகின்றாள். மணிகளைக் கோத்த மாலைபோல் அம்முட்டைகள் மெல்லிய இழையாற் பிணைக்கப்பட்டு ஒரு குவியலாகின்றன. இட்டவுடன் தவளை முட்டைகளை நீரில் விட்டு நீங்குவதுபோல் இவள் நீங்குவதில்லை. தன் உடலையே வேலியாக வளைத்து, அக்குவியலைச் சுற்றிச் சுருண்டு படுத்துவிடுகின்றாள்.

காவல் யாரிடமிருந்து? அவ்விருளுலகிலும் கள்வர் உண்டு. மண்ணைத் துளைத்து வாழும் சிறு பாம்புகள் பல அங்கே திரிகின்றன. அவற்றிடமிருந்து முட்டைகளைக் காப்பதே அச்சுருளின் நோக்கம் என்று சரசின் சகோதரர் கருதினர். தாயின் ஈரமான தோலின் அணைப்பிலே முட்டைகள் உலராதிருக்கின்றன. அது மட்டுமன்றிப் பருத்தும் வளர்கின்றன. பொரிக்கும் நிலையை அடைந்த சிசுவின் எடை, புதிதாக இட்ட முட்டையின் எடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது என்பது அவர்கள் கண்ட வியப்பு.

முட்டைக்குள்ளே கிடக்கும் சிசுவின் கழுத்தில், இறகுபோற் கிளைத்த மூன்று இணைச் செவுள்கள் நீண்டு மிதக்கும். பொரிக்கும் பருவத்தில் அவை மறைந்துவிடும். செவுள் துளை மட்டும் எஞ்சும். வெளிவந்த குஞ்சுகள் நீரோடையை நாடிச் செல்லும். அங்கே அவற்றின் வாலில் துடுப்புப்போன்ற மடிப்பும், முகத்தில் தாயினுடையவற்றைவிடத் தெளிவான கண்களும் இருக்கும். ஓடையிலும் வயற்சேற்றிலும் தம் இளமையைக் கழித்து, பின்னர் துடுப்பை இழந்து, செவுள் துளை அடைபட்டு, அவை மண்ணுக்குள் மீளுகின்றன. மீண்ட பின்னர் நீருக்கும் அவற்றுக்கும் உறவு அற்றுப்போகின்றது. வளர்ந்த மீன்பாம்பை நீருக்குள் அமிழ்த்தி வைத்தால் அது மூச்சுமுட்டி மாண்டுபோகும். நீரிலே வளர்ந்த உயிர் நீரிலேயே மூழ்கி இறக்கும் விந்தை இது.

இப்பொழுது நாம் வாழையடியில் வெட்டுண்டு கிடந்த அப்பிராணியை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். மண்வெட்டி விழுந்தபோது ஓடாமல் ஒரே இடத்திற் சுருண்டு கிடந்தது என்றால், அது தாக்குவதற்குப் பதுங்கியிருந்ததாக எண்ணுதல் பொருந்துமா? அச்சுருளுக்குள்ளே சிறு முத்துக்கள் இருந்தனவா என்று எவரேனும் பார்த்தனரா? தாய் இறந்தால் அம்முட்டைகளுக்குக் காவலும் இல்லை, ஈரமும் இல்லை. ஒரு வீச்சில் ஓர் உயிர் போவதாக நாம் எண்ணுகின்றோம். ஒரு குடும்பமே போகின்றது.

அக்கம்பக்கத்தார்

கண்டி மண்ணுக்குள் மீன்பாம்பு தனித்து வாழவில்லை. முன்னர்க் கூறிய சிறு பாம்புகளை இங்கே அறிமுகம் செய்தல் தகும். கூர்மையான மூக்கும், வெட்டிவிட்டதுபோன்ற சொரசொரப்பான வாலும் உடைய கேடயவாற் பாம்புகள் ஒரு வகை. உலகில் இவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளன. இவற்றுள் ஒன்றுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் பெயர் விஞ்ஞானப் பெயராக நிலைத்துவிட்டது. எந்நாட்டிலிருந்து வந்தது என்பது தவறாக அறியப்பட்டதால் நேர்ந்த பிழை அது. மற்றொரு வகை, நூல்போல் மெலிந்த குருட்டுப் பாம்பு. வாலின் நுனியில் சிறு முள்போன்ற கூர் இருப்பதால், அது கொட்டும் என்று பல நாட்டு மக்களும் அஞ்சுவர். மண்ணிற் பிடிகொள்ளவே அக்கூர் பயன்படுகின்றது. அதில் நஞ்சு இல்லை. விளையாட்டின் ஊதாப் புழுவுக்கு வாலிற் கொடுக்கு வைத்தவர்களும் இப்பழைய அச்சத்தின் வழியிலே சென்றார்கள் போலும்.

உண்மையான புழுக்களுள்ளும் ஊதா நீலம் பூண்டது ஒன்று இலங்கையில் உண்டு. 1844ஆம் ஆண்டு டெம்பிள்டன் என்பவர் விவரித்த மெகாஸ்கொலெக்ஸ் என்னும் அப்பெருமண்புழு, நிறத்தால் நீலப்புழு என்றே பெயர் பெற்றது. நீட்டிப் பிடித்தால் ஒரு முழத்துக்கும் மேற்படும். அது உண்பது மட்கிய இலையையும் மண்ணையுமே.

மீன்பாம்பின் முதன்மை உணவு மண்புழு. கறையானையும் பூச்சிகளின் புழுக்களையும் அது உண்ணும். பயிரை அது தீண்டுவதில்லை. வேரை அரிப்பதில்லை. அதன் வளைகளால் மண்ணுக்குக் காற்றும் நீரும் கிடைக்கின்றன.

நஞ்சு உண்டா என்று கேட்பர் சிலர். அதன் தோல்நீர் பகைவிலங்குகளுக்கு வெறுப்பூட்டும் தன்மையது; ஆதலின் அதனைத் தொட்ட கையாற் கண்ணையோ வாயையோ தொடாது கழுவிக்கொள்ளல் நன்று. 2020ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர், அங்கு வாழும் உறவினம் ஒன்றின் பல்லடியில், பாம்பின் நச்சுச் சுரப்பியை நினைவூட்டும் சுரப்பிகளைக் கண்டனர். அவை புழுவையும் பூச்சியையும் அடக்க உதவுபவையாகலாம். காலடியிற் கிடந்து மனிதனைக் கொல்லும் பிராணியாக இக்கூட்டத்தில் எதனையும் எவரும் காட்டவில்லை.

உலகெங்கும் ஒரே குணம்

மீன்பாம்பின் உறவினர் இருநூறுக்கும் மேற்பட்ட இனத்தவர். வெப்பமண்டல நாடுகளில் மட்டும் பரவியுள்ளனர். அவர்களுள் மிக நீண்டது கொலம்பியா நாட்டில் வாழ்கின்றது. அதன் நீளம் ஐந்தடி அளவு. ஐம்பதடி அரக்கனைத் தேடுவோர்க்கு இயற்கை அளிக்கும் உச்ச அளவு இதுவே. தொன்மையிலோ இவர்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் கிடைத்து 1993ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட தொல்லுயிர் எச்சம் ஒன்று, ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது; அதற்குச் சிறு கால்களும் இருந்தன. மண்ணுக்குள் வாழப் புகுந்த பின்னர்க் கால்கள் வேண்டாதனவாகி மறைந்தன என்பதற்கு அதுவே சான்று.

இலங்கையில் மூன்று இனங்கள் உள்ளன. மூன்றும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. லின்னேயஸ் அறிந்த ஒன்றை அடுத்து, அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டெய்லர் 1960ஆம் ஆண்டு ஒன்றையும் 1965ஆம் ஆண்டு ஒன்றையும் விவரித்தார். முதலினம் அறியப்பட்டு இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னரே ஏனைய இரண்டுக்கும் பெயர் கிடைத்தது என்றால், நம் காலடியை நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கின்றோம் என்பது விளங்கும்.

அண்மைக்காலத்து ஆராய்ச்சிகள் இக்கூட்டத்துத் தாய்மாரின் பெருமையை மேலும் மேலும் வெளிப்படுத்தியுள்ளன. ஆபிரிக்காவில் கென்யா நாட்டு இனமொன்றில், தாயின் தோல் கொழுப்பு நிறைந்து தடிக்க, குஞ்சுகள் அதனை உரித்துண்டு வளர்வதாக 2006ஆம் ஆண்டு அறியப்பட்டது. பிரேசில் இனமொன்றில், முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் தாயே பால்போன்ற கொழுப்புநீரைச் சுரந்து ஊட்டுகின்றாள் என்று 2024ஆம் ஆண்டு வெளியிட்டனர். குஞ்சுகள் ஒலியெழுப்பிக் கேட்க, நாளொன்றுக்கு ஆறு தடவை வரை அவள் ஊட்டுவாளாம். நம் மீன்பாம்பு இவ்வாறு ஊட்டுவதில்லை. எனினும் காத்துக் கிடத்தலில் அவளும் இக்குலத்தவளே.

நமக்குப் பாடமாகத்தக்க செய்தி அயல்நாடாகிய இந்தியாவிலிருந்து வருகின்றது. டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். டி. பிஜுவும் அவர்தம் குழுவினரும் வடகிழக்கு இந்தியாவில் ஐந்து ஆண்டுகள், ஏறத்தாழ 250 இடங்களில் மண்ணைக் கிளறித் தேடினர். அதன் பயனாக இக்கூட்டத்தில் அதுவரை அறியப்படாத ஒரு முழுக் குடும்பமே கண்டுபிடிக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு வெளியாயிற்று. காரோ மக்கள் மொழியில் வழங்கும் பெயரைத் தழுவி அதற்குச் சிக்கிலா என்று பெயரிட்டனர். அதன் நெருங்கிய உறவினர் வாழ்வது ஆபிரிக்காவில். இந்தியாவும் ஆபிரிக்காவும் ஒரே நிலமாயிருந்த ஊழிக்காலத்தின் சாட்சியாக அவ்வுயிர் மண்ணுக்குள் இருந்து வந்துள்ளது. அங்கும் தாய் இரண்டு மூன்று மாதம் உணவின்றி முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கின்றாள். அங்குள்ள உழவரோ, கொடிய நச்சுப்பாம்பென்று எண்ணிக் கண்ட இடத்தில் அதனை வெட்டி வந்தனர். கலகெதரைக்கும் காரோ மலைக்கும் எத்தனை ஆயிரம் மைல்? அறியாமைக்கு மட்டும் தூரமே இல்லை.

நாம் செய்யத்தக்கது

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். இருளை நீக்கிப் பார்த்தால் பேய் போய்விடும். அதற்காகச் சிறுவர் மண்ணுக்குள் நெளிவதையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. மலைநாட்டில் நாகமும் உண்டு, விரியனும் உண்டு, அவற்றோடு விளையாடலாகாது. மேனியில் மண்புழுவைப்போல் நெருங்கிய வளையங்கள், இரு புறத்தும் மஞ்சட் கோடு, ஈரமான பளபளப்பு, படமெடுத்தலும் சீறுதலும் இல்லாமை ஆகிய இவை மீன்பாம்பின் அடையாளங்கள். ஐயம் இருப்பின் தொடாது விலகி நின்று வழிவிடுதலே எந்தப் பிராணிக்கும் பொருந்தும் நல்வழி. பகல் வெளிச்சத்தில் வெளிப்பட்ட மீன்பாம்பு சிறிது நேரத்தில் மண்ணைத் துளைத்துத் தானே மறைந்துவிடும்.

தோட்டம் உடையோர் இன்னும் சிறிது செய்யலாம். உதிர்ந்த இலைகளையெல்லாம் கூட்டி எரித்துவிடாது மரத்தடியில் மட்கவிடுதல். ஓடைக்கரையின் ஓரத்தை அடிமட்டத்துக்குச் செதுக்காது சிறிது நிழலோடு விடுதல். பூச்சிகொல்லியும் களைகொல்லியும் ஓடையிற் கலவாது பார்த்துக்கொள்ளல். மீன்பாம்பு தன் தோலினாலும் மூச்சு வாங்கும் உயிர். மண்ணிலும் நீரிலும் நாம் இடும் நஞ்சு நேரே அதன் உடலுக்குட் செல்லும். தாய் மண்ணிலும் குஞ்சு நீரிலும் வாழ்வதால், இரண்டில் ஒன்று கெட்டாலும் அதன் வழி முறிந்துபோகும். மண்ணும் நீரும் அதற்கு ஏற்றவையாயிருக்கும் ஊரில், அவை மக்களுக்கும் ஏற்றவையாகவே இருக்கும். பல அடுக்கு மரங்களோடு நிழலும் ஈரமும் காத்துவரும் கண்டிச் சீமையின் பழைய வீட்டுத்தோட்ட முறை, யாரும் கற்பிக்காமலே இவ்வுயிருக்குப் புகலிடம் அளித்து வந்துள்ளது. அம்முறையைக் கைவிட்டு நிலத்தை வெறுமையாக்குவோர் இழப்பது மிளகையும் கோப்பியையும் மட்டுமன்று.

ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு ஊதாப் புழுவின் கதையைத் தாராளமாகச் சொல்லட்டும். ஐம்பதடி அரக்கனோடு பகடை உருட்டிப் பொருதுவதில் எவ்விதக் குற்றமும் இல்லை. கதை முடிந்த பின்னர், நம் தோட்டத்து வாழையடியில் உண்மையாகவே வாழும் பதினைந்து அங்குலத்து ஊதாப் பிராணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லட்டும். பேராதனையில் மண்ணைக் கிளறியவர் கையில் இருந்ததும், கலகெதரையில் வாழைக்குழி தோண்டுபவர் கையில் இருப்பதும் ஒரே வகைக் கருவிதான். சுருண்டு கிடப்பதைக் கண்டதும் அக்கருவியை ஒரு கணம் நிறுத்தி, அள்ளிய மண்ணை மெதுவாக மேலே போட்டு மூடிவிட்டு, இரண்டடி தள்ளி அடுத்த குழியைத் தோண்டினாற் போதும். வாழைக்கு இரண்டடி பெரிதன்று. மண்ணுக்குள் இருப்பவளுக்கோ அதுவே எல்லாம்.